அடுத்தவருக்கு இடம் விட்டு எழுதுவது

தமிழ் விக்கிப்பீடியாவிலும், பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் விக்கிமூலத்திலும் சில ஆண்டுகளாகப் பங்களித்து வருகிறேன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார். "இதுக்கு எவ்வளவு தருவாங்க?" என்பது முதலாவது. ஒன்றும் கிடையாது என்று தெரிந்ததும் அடுத்தது வரும்: "யார் வேணும்னாலும் எழுதலாம்னா அது எப்படிங்க உருப்படும்?"

முதல் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பிடித்திருக்கிறது, செய்கிறேன், அவ்வளவுதான். இரண்டாவதற்குப் பதில் உண்டு, கொஞ்சம் நீளம்.

நிறையத் தெரிந்தவர்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் அறிவு தானாகத் திரண்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி நடப்பதில்லை. நிறையத் தெரிந்த ஒருவர் வருவார், நீளமாக ஒரு கட்டுரை போடுவார், மறுநாள் யாரோ அதில் இரண்டு வரியை மாற்றியதும் கோபித்துக்கொண்டு போய்விடுவார். இந்தக் கதை அடிக்கடி நடக்கும். நிலைத்து நிற்பவர்கள் வேறு ரகம். தாங்கள் பாதியில் விட்ட வேலையை, தங்களை முன்பின் அறியாத ஒருவர் எதையும் கேட்காமலே எடுத்துத் தொடரும்படி விட்டுவைக்கத் தெரிந்தவர்கள். கூட்டாக அறிவு சேர்ப்பதில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம்தான் என்பது என் கணிப்பு.

குறையோடு கிடக்கும் பக்கம்

விக்கிப்பீடியாவுக்கு முன்னால் நுபீடியா என்று ஒன்று இருந்தது. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000-இல் நடத்தத் தொடங்கியது. துறை வல்லுநர்கள் எழுதுவார்கள், ஏழு கட்ட மதிப்பாய்வைத் தாண்டினால்தான் கட்டுரை வெளியே வரும். திட்டம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டில் தேறியவை இருபத்துச் சொச்சம் கட்டுரைகள். அதற்கு வரைவுகள் திரட்ட உதவும் என்று ஒரு விக்கியை, அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளத்தை, பக்கத்திலேயே திறந்தார்கள். விக்கி என்ற நுட்பத்தை வார்டு கன்னிங்காம் 1995-லேயே உருவாக்கி வைத்திருந்தார். 2001 ஜனவரி 15 அன்று திறந்த அந்தப் பக்கவாசல்தான் விக்கிப்பீடியா. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. தரம் ஒருபுறம் இருக்கட்டும். திருத்துவதற்கு ஏதாவது இருந்தால்தானே திருத்த ஆள் வரும்?

இதை நானே ஒரு பறவைக் கட்டுரையில் பார்த்தேன். தமிழில் அந்தப் பறவைக்குப் பக்கமே இல்லை. மூன்று வரி எழுதி, ஒரு நூலை மேற்கோள் காட்டி, விட்டுவிட்டேன். சில நாள் கழித்து பக்கத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று காட்டும் 'வரலாறு' பகுதியைத் திறந்தால் நீளமாக ஒரு பட்டியல். ஒருவர் விக்கித் திட்டங்களின் படக் களஞ்சியமான பொதுவகத்திலிருந்து படம் சேர்த்திருந்தார். ஒருவர் அறிவியல் பெயரைப் பெட்டியில் போட்டு, குடும்பம் வரிசை எல்லாம் நிரப்பியிருந்தார். இன்னொருவர் நான் 'இறகு' என்று எழுதிய இடத்தில் 'இறக்கை' என்று மாற்றிவிட்டு, போகிற போக்கில் ஒரு ஒற்றையும் சேர்த்திருந்தார். தானியங்கி நிரல் ஒன்று பகுப்பை, அதாவது கட்டுரை எந்த வகையில் சேரும் என்பதை, சரிசெய்திருந்தது. கடைசியாக, பறவை பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர் கூடு கட்டும் விதத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தார். கட்டுரையின் உயிரே அந்த இரண்டு பத்திதான். அவர் அதற்கு முன் தமிழ் விக்கிப்பீடியாவில் எதுவும் எழுதியதில்லை.

அதே பக்கத்தை நான் முழுமையாக எழுதி வைத்திருந்தால் அவர் படித்துவிட்டுப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். நன்றாக முடிந்த கட்டுரை வாசகரைத்தான் தரும். குறையுள்ள பக்கம் பங்களிப்பாளரைத் தரும். "அட, இதை விட்டுட்டாங்களே" என்று ஒருவருக்குத் தோன்றும் அந்த நொடியில் 'தொகு' பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது.

அதற்காகக் குப்பையாகப் போட்டுவிட்டுப் போகலாம் என்று பொருளில்லை. குறையை ஒழுங்காக வைக்க வேண்டும். தெரியாத பகுதிக்கு ஒரு துணைத்தலைப்பு மட்டும் போட்டு, அங்கே என்ன வர வேண்டும் என்று, கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்றே உள்ள உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். இல்லாத கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுத்து அவற்றைச் சிவப்பாகவே விடலாம். சிவப்பு இணைப்பு அசிங்கம் என்று அழிப்பவர்கள் உண்டு, நான் அழிப்பதில்லை. உறுதியாகத் தெரியாத வரிக்கு 'மேற்கோள் தேவை' என்று நீங்களே குறி போடுங்கள். அடுத்தவர் வந்து போட்டால் குற்றச்சாட்டு மாதிரி இருக்கும்; நீங்களே போட்டால் உதவி கேட்பதாக இருக்கும்.

மஞ்சளும் பச்சையும்

விக்கிமூலத்துக்கு வருகிறேன். எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம் இதுதான். பழைய நூல்களின் ஒளிவருடலைப் பக்கம் பக்கமாக வைத்து, அதன் எழுத்துகளைத் தட்டெழுத்து வடிவத்துக்குக் கொண்டுவரும் திட்டம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் 2,000-க்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியோடு 2016 வாக்கில் இங்கே ஏறின. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளான எழுத்துணரி (OCR) கொண்டு அவற்றிலிருந்து உரையும் எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது மெய்ப்புப் பார்ப்பது. மிச்சம் என்று சொல்லிவிட்டேன், மலை அதுதான்.

திரையின் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம், மறுபாதியில் எழுத்துணரி படித்துக் கொடுத்த உரை. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். எழுத்துணரிக்குத் தமிழில் சில நிரந்தரத் தடுமாற்றங்கள் உண்டு. துணைக்காலும் 'ர'வும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். 'காரணம்' என்பது 'காாணம்' ஆகிவிடும். மை மங்கிய பக்கங்களில் புள்ளிகள் பறந்துவிடும். வரி முடிவில் உடைந்த சொல் உடைந்தபடியே வரும்: 'வந்தி ருந்தான்'. அதைவிடப் பெரிய சிக்கல் பழைய எழுத்து. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல். அதற்கு முந்தைய அச்சில் 'லை', 'னை', 'ளை', 'ணை' எல்லாம் தும்பிக்கை வைத்திருக்கும். 'றா', 'னா', 'ணா' சுழித்துச் சேர்ந்திருக்கும். மாறிய எழுத்துகள் மொத்தம் 13தான். ஆனால் ஒரு பக்கத்தில் அவை எத்தனை தடவை வரும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை இடத்திலும் எழுத்துணரி எதையாவது உளறி வைத்திருக்கும்.

உளறலாக இருந்தால் பரவாயில்லை, கண்ணில் படும். பொருள் தருகிற பிழைதான் ஆபத்து. நான் இரண்டாவது ஆளாகப் பார்த்த ஒரு பக்கத்தில் 'எட்டில் உள்ளபடி' என்று இருந்தது. அந்த நூலில் இயல்களுக்கு எண் உண்டு. எட்டாம் இயலைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று யாரும் தாண்டிப் போவார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'ஏட்டில் உள்ளபடி'. ஏகாரத்தின் அந்தச் சின்னக் கீற்று அச்சில் தேய்ந்திருந்தது. ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தது ஓலைச்சுவடியைப் பற்றி.

முதலில் மெய்ப்புப் பார்த்தவர் கவனமில்லாதவர் அல்லர். அந்தப் பக்கத்தில் அவர் திருத்தியவை ஏராளம். அத்தனையைத் திருத்தியபின் கண், தான் எதிர்பார்ப்பதையே படிக்கத் தொடங்கிவிடும். விக்கிமூலத்தின் ஏற்பாடு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே செய்யப்பட்டது. பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கிய அதே பயனருக்கு அடுத்த கட்டமான பச்சையைத் தேர்வுசெய்யும் பொத்தானே தெரியாது. நீங்கள் எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும் சரி, உங்கள் பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. யாரையும் சந்தேகிக்காமல், யாரையும் புகழாமல், ஒரு பொத்தானை மறைத்து வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள். கூட்டு வேலைக்கான விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. நீலம் என்றும் ஒன்று உண்டு: 'சிக்கலானவை'. அட்டவணையோ கணிதமோ கிழிந்த பக்கமோ, என்னால் ஆகாது, தெரிந்தவர் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நகரலாம். புதியவர்கள் நீலத்தைப் பயன்படுத்தக் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். அரைமணி நேரம் முட்டி மோதிவிட்டுச் சோர்ந்து போவதைவிட நீலமாக்கிவிட்டு அடுத்த பக்கம் போவது எல்லோருக்கும் நல்லது.

இங்கே வரும் இன்னொரு தகராறு, மூலத்தில் உள்ளபடியே வைப்பதா, திருத்துவதா என்பது. ஆர்வமாக வந்த ஒருவர் ஒரு நூல் முழுக்க 'வருஷம்' என்று இருந்ததை எல்லாம் 'வருடம்' ஆக்கிவிட்டார். 'ஸ்வாமி'யைச் 'சுவாமி' ஆக்கினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அவருக்குச் செய்தி எழுதுவதற்கான பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதிய பதில் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. விதியைக் காட்டி மிரட்டவில்லை. "பக்கத்திலேயே படம் இருக்கு. படிக்கிறவர் இரண்டையும் ஒப்பிட்டால் எதை நம்புவார்?" என்று மட்டும் கேட்டிருந்தார். அந்தப் பயனரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றினார். அப்புறம் அச்சுப்பிழைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மூலத்தை மாற்றாமல் பிழையை மட்டும் சுட்டிக்காட்டும் வார்ப்புருவை (ஆயத்தக் குறிப்பை) எங்களில் அதிகம் பயன்படுத்தியவர் அவர்தான்.

தமிழில் இந்த வேலைக்கு விக்கிக்கு முந்தைய வரலாறும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் சங்க இலக்கியத்தையும் சமய நூல்களையும் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டுவார், மின்னஞ்சலில் அனுப்புவார், இன்னொருவர் பிழை பார்ப்பார். யுனிகோடு பரவாத காலம். ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் கோப்புகளைத் திறந்தால் மேலேயே, உள்ளீடு இன்னார், மெய்ப்பு இன்னார் என்று இருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தே இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏன் என்று ஒரு வரி

இதுவரை சொன்னதில் புதியவர்கள் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால், தொகுப்புச் சுருக்கம் எழுதுவதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மாற்றத்தைச் சேமிக்கும் முன் கீழே ஒரு சிறு பெட்டி வரும். பலரும் காலியாக விட்டுவிடுவார்கள். அங்கே 'திருத்தம்' என்று எழுதுவதும் காலியாக விடுவதும் ஒன்றுதான். திருத்தம் என்பதுதான் ஏற்கெனவே தெரிகிறதே. "ஆண்டு நூலின் முதல் பதிப்புப்படி மாற்றப்பட்டது" என்று எழுதினால் கதையே வேறு. அந்த ஆண்டை வேறு ஆண்டாக நினைத்திருந்த ஒருவர், மாற்றியவரோடு சண்டைக்குப் போகாமல் பதிப்பைத் தேடிப் போவார்.

பக்க வரலாறு அத்தனை பதிப்புகளையும் வைத்திருக்கிறது. இதுதான் "எப்படிங்க உருப்படும்" என்ற கேள்விக்கான நேரடிப் பதிலும். ஒரு பக்கத்தைக் கெடுக்க ஒருவர் கொஞ்ச நேரமாவது மெனக்கெட வேண்டும். மீட்க ஒரு சொடுக்குப் போதும். தாங்கள் கண்காணிக்கும் பக்கங்களின் பட்டியலான கவனிப்புப் பட்டியலில் அந்தப் பக்கத்தை வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் நடந்த தகவல் போய்விடும். நடிகர்களின் பக்கங்களிலும் தேர்தல் நேரத்தில் கட்சிப் பக்கங்களிலும் விசமத்தொகுப்பு, அதாவது வேண்டுமென்றே கெடுக்கும் மாற்றம், வராத நாளில்லை. அவற்றில் பெரும்பாலானவை யாராவது படிப்பதற்கு முன்பே போய்விடும். யாரும் கவனிக்காத ஓரத்துக் கட்டுரையில் சாதுவாக மாற்றி வைத்த ஒரு ஆண்டுதான் நீண்ட நாள் தங்கும். அதைப் பிடிக்க இந்த ஏற்பாட்டுக்கே வலு குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உரையாடல் பக்கங்களின் அருமை பல ஆண்டுகள் போனபின்தான் தெரியும். ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றலாமா என்று எனக்கு ஒரு ஐயம் வந்தது. உரையாடல் பக்கத்தைத் திறந்தால், நான் விக்கிக்கு வருவதற்கு முன்பே மூன்று பேர் அதே ஐயத்தை எழுப்பி, இரண்டு நூல்களை எடுத்துக்காட்டி, ஒரு முடிவுக்கும் வந்திருந்தார்கள். அவர்களில் இருவர் இப்போது பங்களிப்பதில்லை. ஆனாலும் நான் கேட்காமலே எனக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். இந்த மாதிரி பேச்சுகளைத் தனிப்பட்ட அரட்டைக் குழுக்களில் முடித்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. வேகமாக முடிகிறது என்பது சரிதான். ஆனால் அடுத்த ஆண்டு வருபவருக்கு முடிவு மட்டும் தெரியும், காரணம் தெரியாது. அவர் அதே சண்டையை முதலிலிருந்து தொடங்குவார். குழுவில் பேசினாலும் முடிவையும் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நான்கு வரி போதும்.

ஒத்துப்போகாதவர்களோடு

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் தனியாளாக நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதி அடித்தளம் போட்டவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன், கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது வழங்கியது. ஆகவே, தொடக்கத்திலிருந்தே இது இரண்டு கரைகளின் வேலை. இரண்டு கரைக்கும் எழுத்து வழக்கம் வேறு. தமிழ்நாட்டுக்காரர் 'டொராண்டோ' என்பார், ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்பார். இருவருமே மற்றவரின் எழுத்தைப் பார்த்து, இது என்ன கொடுமை என்று உள்ளுக்குள் நினைப்பார்கள். வெளியிலும் சொல்லியிருக்கிறார்கள், பழைய உரையாடல்களைத் தோண்டினால் சூடாகவே கிடைக்கும்.

இதில் யார் வென்றார்கள் என்பதைவிட, எப்படித் தணிந்தது என்பதுதான் சுவாரசியம். வழிமாற்று என்று ஒரு வசதி உண்டு. ஒரு வடிவம் தலைப்பாக இருக்கும். மற்ற வடிவத்தைத் தேடினாலும் அதே பக்கத்துக்குப் போகும். கட்டுரையின் முதல் வரியிலேயே இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிடலாம். ஒரு கட்டுரையைத் தொடங்கியவரின் எழுத்து வழக்கத்தைக் காரணமில்லாமல் மாற்றக்கூடாது என்ற நாகரிகமும் மெல்ல ஊன்றியது. கருத்து ஒற்றுமை ஏற்படவே இல்லை. இரண்டு பேரும் வேலையைத் தொடர்வதற்கு அது தேவைப்படவும் இல்லை.

சாதி, அரச மரபு, மொழியின் தொன்மை, இந்த மூன்றும் வேறு ரகம். ஒரு மன்னர் தங்களைச் சேர்ந்தவர் என்று மூன்று தரப்பினர் மாறி மாறித் தொகுப்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் பழைய நிலைக்கு மீளமைக்கக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். விதி சண்டையை நிறுத்தும், தீர்க்காது. தீர்ப்பது பெரும்பாலும் வாக்கிய அமைப்பு. "இவர் இன்ன குலத்தவர்" என்ற வரிக்குப் பதில், "இன்ன கல்வெட்டை வைத்து இன்ன ஆய்வாளர் இப்படிக் கருதுகிறார், இன்னார் மறுக்கிறார்" என்று எழுதி இரண்டுக்கும் மேற்கோள் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் அடங்கிவிடுவார்கள். மிச்சக் கால்வாசிக்குப் பக்கத்தைப் பூட்டத்தான் வேண்டும்.

சின்ன விசயங்களிலும் இதே முறை கைகொடுக்கும். ஓர் எழுத்தாளரின் பிறந்த நாள் இரண்டு நூல்களில் இரண்டு விதமாக இருந்தது. நானும் இன்னொரு பயனரும் ஆளுக்கு ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு உரையாடல் பக்கத்தில் பேசினோம். அவர் நூல் குடும்பத்தார் வெளியிட்ட மலர்; என்னுடையது பிற்காலத்தில் வந்த தொகுப்பு. இரண்டு தேதியையும் போட்டு, எது எந்த நூலில் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட்டோம். எது சரி என்று தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை என்று தெரிந்ததும் இருவருக்குமே ஒரு நிம்மதி. பின்னால் யாராவது பிறப்புச் சான்றைத் தேடி எடுத்தால் அவருக்கு வழி திறந்தே இருக்கிறது.

கொட்டிவிட்டுப் போனவை

கூட்டு வேலை எங்கே உடையும் என்பதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு தமிழ் விக்கிப்பீடியாவில் நடந்தது. 2009, 2010 வாக்கில் ஒரு பெரிய நிறுவனம், சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிப் பதிவேற்றியது. ஒவ்வொன்றும் நீண்ட கட்டுரை. அளவை மட்டும் பார்த்தால் தமிழுக்குப் பெரிய வரவு. படித்துப் பார்த்தால் வாக்கியம் பிடிபடாது. தமிழ் வாசகர் தேடும் தலைப்பு எது என்பதையும் யாரும் கேட்கவில்லை. சமூகத்தினர் இதை எதிர்த்துப் பேசினார்கள், நிபந்தனைகள் வைத்தார்கள். 2010-இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ்ப் பயனர் ஒருவர் இதை அலசி உரையாற்றினார். பிறகு திட்டமும் நின்றது. கட்டுரைகள் மட்டும் அப்படியே நின்றன.

அவற்றில் ஒன்றிரண்டைத் துப்புரவு செய்ய நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வரிக் குறுங்கட்டுரையைப் பெரிதாக்குவதைவிடப் பல மடங்கு கடினம் அது. ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் எழுதியவரிடம் கேட்கலாம் என்று பார்த்தால், அந்தப் பயனர் கணக்கு பதிவேற்றத்தோடு சரி, திரும்பி வந்ததே இல்லை. உரையாடல் பக்கம் வெறுமை. மொழிநடைகூட எனக்கு இரண்டாம்பட்சம்; பின்னால் ஆளில்லாத பக்கம் என்பதுதான் பெரிய இடர். நான் அத்தகைய கட்டுரைகளைத் திருத்துவதில்லை என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். தலைப்பு தேவையானதாக இருந்தால் பழையதை ஒதுக்கிவிட்டு ஐந்து பத்தியில் புதிதாக எழுதிவிடுவேன். மேற்கோள்களை மட்டும் சரிபார்த்து எடுத்துக்கொள்வேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகள் வருகின்றன. இவற்றின் தமிழ் அன்றைய மொழிபெயர்ப்பைவிடப் பல மடங்கு மேல். அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும். வரி வழுக்கிக்கொண்டு போகும். அடிக்குறிப்பில் இருக்கும் நூல் உலகத்திலேயே இருக்காது. நான் செய்வது ஒன்றுதான்: ஒரு மேற்கோளைத் திறந்து பார்ப்பேன். அது இல்லை என்றால் எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் "இந்த நூலின் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். பதில் வந்தால் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார், சேர்ந்து சரிசெய்யலாம். வராவிட்டால் நீக்கலுக்குப் பரிந்துரைப்பேன்.

போட்டிகளைப் பற்றியும் கேட்பார்கள். பரிசு வைத்தால் கட்டுரை குவியும், உண்மை. போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பக்கங்களை யார் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சொல்வேன்.

முதல் தொகுப்புக்குப் பின்

புதிதாக வருபவர் தங்குவாரா போவாரா என்பது பெரும்பாலும் அவருடைய முதல் தொகுப்புக்கு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. மேற்கோள் இல்லாமல் இரண்டு பத்தி சேர்த்திருப்பார். விதிப்படி நீக்கலாம். நீக்கிவிட்டு வார்ப்புரு எச்சரிக்கை ஒன்றைப் போட்டால் அவர் அத்தோடு சரி. நான் இப்போது நீக்குவதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்ப்பேன், ஒரு மேற்கோளாவது கிடைத்தால் அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு, "இதற்கு ஒரு நூல் கிடைத்தது, சேர்த்திருக்கிறேன். மற்றதை எங்கே படித்தீர்கள்?" என்று எழுதுவேன். எல்லோருக்கும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது. அண்மைய மாற்றங்களை நாள் முழுக்கக் கண்காணிக்கும் ஒரு சிலரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. அவர்கள் களைத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். விக்கியின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் நீண்ட விவாதங்களில் கருத்துச் சொல்பவர்கள் பலர். துப்புரவு தேவைப்படும் கட்டுரைகளின் பகுப்பைத் திறப்பவர்கள் சிலர். விவாதத்தில் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை இரண்டு புதியவர்களுக்குப் பதில் எழுத ஒதுக்கினால் அந்தச் சிலரின் சுமை குறையும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். செய்தித்தாளிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். விக்கியின் உரை படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியாகிறது, அடுத்தவர் எழுத்தை அந்த உரிமத்தில் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை. விக்கிமூலத்தில் ஒரு நூலை ஏற்றுவதற்கு முன் அதன் உரிமையைப் பாருங்கள். இந்தியாவில் பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், அல்லது நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும்.

மற்றபடி, கட்டுரை எழுதித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. விக்கிமூலத்தில் ஏதாவது ஒரு நூலின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தால் பக்க எண்கள் வண்ண வண்ணமாக இருக்கும். மஞ்சளாக உள்ளதில் ஒன்றைச் சொடுக்குங்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே திருத்தி வைத்த பக்கம் என்பதால் பிழை அதிகம் இருக்காது; படத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை நிதானமாகப் படித்தால் போதும். மேற்கோள், வார்ப்புரு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், கணக்கு மட்டும் வேண்டும். சிவப்பை மஞ்சளாக்க ஆர்வமாக வருபவர்கள் இருக்கிறார்கள். பச்சையாக்கத்தான் ஆள் பற்றாக்குறை.